மண்சரிவா, மறுப்பா? திரும்பி வரும் அஞ்சலின் சரித்திரம்

1

ஊட்டிக்குத் தென்மேற்கே இருக்கும் அவலாஞ்சியின் பெயரே ஒரு மண்சரிவின் எச்சம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே மலை சரிந்ததால் ஆங்கிலேயர் 'அவலாஞ்ச்' என்று பெயரிட்டார்கள் என்பார்கள். அந்தச் சொல்லை நம் ஜனங்களின் நாக்கும் பஸ் போர்டும் சேர்ந்து அவலாஞ்சி ஆக்கிவிட்டன. இன்று அது தமிழ்ப் பெயர்தான். ஒரு கார்டில் 'அவலாஞ்சி, நீலகிரி' என்று தமிழில் எழுதி, 643இல் தொடங்கும் பின்கோடு போட்டுப் பெட்டியில் போட்டால் போய்ச் சேரும். இதே பெயரைத் தமிழ் எழுத்திலேயே ஒரு மின்னஞ்சல் முகவரியாக்கி, அதற்கு ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். அனேக இடங்களிலிருந்து அது திரும்பி வந்துவிடும்.

இதைக் கோளாறு என்று சொல்லி கம்ப்யூட்டர்காரர்களிடம் விட்டுவிடுவது நம் வழக்கம். எழுத்தாளர்களும் இயக்கக்காரர்களும் அப்படி விட்டுவிடக் கூடாது என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. அஞ்சல் திரும்பி வருவதில் இரண்டு வகை உண்டு: வழி அறுந்ததால் வருவது ஒன்று, வாசலில் மறுக்கப்பட்டதால் வருவது இன்னொன்று. முதலாவதுக்குப் பெயர் விபத்து. இரண்டாவதுக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. விதி இருந்தால் அதை எழுதியவர்களும் இருப்பார்கள்.

2

மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிமுறையை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். ஆர்எஃப்சி 821 என்பது அதன் எண். அந்தப் பேச்சில் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணாக வரும். 2இல் தொடங்கினால் 'சரி, வாங்கிக்கொண்டேன்'. 4இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா'. 5இல் தொடங்கினால் 'முடியாது, திரும்ப வராதே'.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைப்பாதைகள் அறுந்தன. அப்படி நின்றுபோகும் தபால், பாதை திறந்ததும் போய்ச் சேரும். சர்வர் மொழியில் அது 4. அனுப்பும் சர்வர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்று பிந்தைய விதிமுறைகளும் சொல்கின்றன. 5 அப்படியல்ல. அங்கே பாதை நன்றாகத்தான் இருக்கிறது, மூடியிருப்பது வாசல்.

ஆகவே கடிதம் திரும்பி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த முதல் இலக்கம். அதன் பிறகு, யாருடைய சர்வர் அதைச் சொன்னது என்பது. 5இலும் உட்பிரிவுகள் உண்டு. 5.1.1 என்றால் அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை. 5.7இல் தொடங்கினால் உன்மேல் நம்பிக்கை இல்லை. 5.6.7 என்றால் இந்த எழுத்தில் முகவரி எழுதக் கூடாது. இந்தக் கடைசி எண்ணுக்குள்தான் நம்முடைய சரித்திரம் இருக்கிறது.

3

1982 விதிமுறை ஆஸ்கியின் மேல் கட்டப்பட்டது. ஆஸ்கி 1963இல் அமெரிக்காவில் உருவான தரம். மொத்தம் 128 இடம், அதற்கு 7 பிட்டு போதும். எட்டாவது பிட்டு சுழியாக இருக்க வேண்டும் என்று விதி. வழியிலுள்ள சர்வர் அந்த பிட்டை வெட்டி எறிந்தாலும் யாரும் கேட்க முடியாது.

83க்குப் பிறகு சிதறிப்போன ஈழத்தமிழர்களும், வேலைக்குப் போன மற்றவர்களும், 90களில் இணையத்தில் ஒருவருக்கொருவர் எழுத முனைந்தபோது மோதிய சுவர் இதுதான். தமிழின் எழுத்துருக்களில் பல அந்த எட்டாவது பிட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. வெட்டினால் கடிதம் போகும், ஆனால் தமிழ் போகாது. எதிர்முனையில் கிடைப்பது ஆங்கில எழுத்துகளின் குப்பை. எத்தனையோ பேர் 'அம்மா எப்படி இருக்கிறாள்' என்பதை ரோமன் எழுத்தில் அடித்து அனுப்பினார்கள். சர்வர் மறுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவேன் என்பதும் மறுப்புதானே?

1992இல் வந்த மைம் என்ற முறை இதற்கு ஒரு வழி செய்தது. எட்டு பிட்டு எழுத்தை ஆங்கில எழுத்துகளாக மடித்து அனுப்பிப் பிறகு பிரித்துக்கொள்வது. இன்றைய யுடிஎஃப்-8இல் 'அ' என்ற ஒரு எழுத்துக்கு மூன்று பைட்டு. அது மைம் வழியில் நான்கு ஆங்கிலக் குறிகளாகப் பயணம் செய்கிறது. டிஸ்கி, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப், பிறகு யூனிகோடு என்று நமக்குள் நடந்த குறியீட்டுச் சண்டைகள் எல்லாமே கடிதத்தின் உடலைப் பற்றியவை. உடலுக்கு ஒருவழியாக விடை கிடைத்தது. உறைமேல் எழுதும் முகவரி மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றது. அது ஒரு பிரச்சினையாகவே அன்று பலருக்குத் தோன்றவில்லை.

4

முகவரியில் இரண்டு பாதி: ஆளின் பெயர், களத்தின் பெயர். களப் பெயரில் 2010-11 வாக்கில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா ஆகியவை இணையத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. நாமும் கைதட்டினோம். ஆனால் அந்தப் பட்டியலுக்குள் '.இந்தியா' தமிழில் இல்லை. அது ஆங்கில எழுத்துகளாலான ஒரு மாறுவேடத்தில் இருக்கிறது. திரையில் மட்டும் தமிழ் முகம்.

ஆளின் பெயருக்கு அந்த மாறுவேடமும் கிடையாது. 2007வாக்கில் சோதனையாக ஒரு ஏற்பாடு வந்தது: தமிழ் முகவரியோடு ஒரு ஆங்கில மாற்று முகவரியையும் சேர்த்துக் கொண்டுபோவது, தமிழை ஏற்காத வாசலில் அதைக் காட்டுவது. நடைமுறையில் அது பெரும் சிக்கலானது. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6531 அதைக் கைவிட்டது. இப்போது இரண்டு சர்வர்கள் சந்திக்கும்போது, வாங்கும் சர்வர் தனக்கு எதெல்லாம் தெரியும் என்று ஒரு பட்டியல் சொல்லும். அதில் 'எஸ்எம்டிபியுடிஎஃப்8' என்ற வரி இருந்தால் தமிழ் முகவரி உள்ளே போகலாம். இல்லாவிட்டால் அனுப்பும் சர்வரே கடிதத்தைத் திருப்பிவிட வேண்டும்.

கவனியுங்கள், இங்கேதான் விஷயம் இருக்கிறது. திருப்புவது அனுப்பும் சர்வர். வாங்க வேண்டிய இடத்தின் பதிவேட்டில் ஒரு கடிதம் வந்து திரும்பியதாக ஒரு வரிகூட இருக்காமல் போகலாம். மறுத்தவருக்கே தான் மறுத்தது தெரியாது. 'எங்களிடம் அப்படி ஒரு புகாரும் வரவில்லையே' என்று ஒரு அலுவலகம் சத்தியமாகச் சொல்லலாம். புகார் எப்படி வரும்? தட்டவே விடாத கதவு இது.

2014 ஆகஸ்டில் கூகுள், இத்தகைய முகவரிகளோடு கடிதம் பரிமாறலாம் என்று அறிவித்தது. தமிழ் எழுத்தில் கணக்கு தொடங்கும் உரிமை அந்த அறிவிப்போடு வரவில்லை. 2015இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 என்ற கட்டற்ற சர்வர் மென்பொருளிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று இனி சொல்ல முடியாது.

5

இதனால் பழைய தபால்துறையைப் புனிதமாக்கிவிட வேண்டாம். 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம் கடிதத்தை இடைமறிக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. அதற்குப் பதிலாக வந்த 2023 சட்டத்திலும் அந்த அதிகாரம் இருக்கிறது. 2019 ஜூலை 14ஆம் தேதி நடந்த தபால்துறைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வந்தது. தமிழகக் கட்சிகள் மாநிலங்களவையில் எதிர்த்த பிறகே அந்தத் தேர்வு ரத்தானது. தமிழில் முகவரி எழுதிய கார்டு போய்ச் சேர்கிறதென்றால், தமிழ் படிக்கத் தெரிந்த ஆட்கள் அங்கே வேலை பார்க்கிறார்கள் என்பதால்தான். அந்த இடம் சண்டை போட்டுக் காக்க வேண்டிய இடமாகவே இருந்து வருகிறது.

முகவரி இல்லாமை என்றால் என்ன என்று மலையகத் தமிழரைக் கேட்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் லயத்து அறைக்குத் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போகும், அங்கிருந்து ஆள் கைக்கு வந்தால் வந்தது. வேலைக்கு அழைத்த கடிதம் நாள் கடந்து கிடைத்தால் யாரிடம் கேட்பது? தனி முகவரி வேண்டும் என்பதே அங்கே ஒரு உரிமைக் கோரிக்கையானது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவின் கணக்கில் எழுதியது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது, பிறகு அது டான்டீ ஆனது. எல்லை தாண்டிய அந்தக் குடும்பங்களுக்கு உறவு என்பது நீண்ட காலம் கடிதமாகவே இருந்தது.

தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் உனக்குக் கடிதம் என்பதும், ஆங்கிலப் பெயர் வழியாகத்தான் உனக்கு மின்னஞ்சல் என்பதும் ஒரே அளவு கொடுமை என்று நான் சொல்லவில்லை. இரண்டின் அமைப்பும் ஒன்று என்கிறேன். கடிதம் மறுக்கப்படுவதில்லை. ஆளை இடமாக ஏற்பதுதான் மறுக்கப்படுகிறது.

6

மறுப்பே கூடாது என்றும் வாதிட முடியாது. 1978இல் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பியதிலிருந்து குப்பை அஞ்சல் தொடங்குகிறது. 1998இல் 'இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்' என்ற பெயரில் இலங்கைத் தூதரகங்களுக்கு நாளுக்குச் சுமார் 800 கடிதம் வீதம் இரண்டு வாரம் கொட்டப்பட்டது. சர்வர்கள் கதவில் காவல் போட்டதற்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காவல் யார் கைக்குப் போனது? 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்குப் புதிய நிபந்தனைகளை விதித்தன. சொந்த சர்வர் வைத்துச் சந்தாதாரருக்குக் கடிதம் அனுப்ப நினைக்கும் ஒரு சிறுபத்திரிகையும் அந்தப் பெரிய வாசல்காரர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தாக வேண்டும்.

காரணமுள்ள மறுப்பு காரணத்தைச் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். குப்பைக் கடிதத்துக்கு எதிரான மறுப்புக்குக் காரணமாவது இருக்கிறது. தமிழ் முகவரிக்கு எதிரான மறுப்புக்கு அதுவும் இல்லை, பழைய பழக்கம் மட்டுமே இருக்கிறது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக ஏற்றது. எழுத்துக்குத் தரம் வந்தாயிற்று. அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் நம் பத்திரிகைகளும் நடத்துகிற சர்வர்கள் தமிழ் முகவரியிலிருந்து வரும் கடிதத்தை வாங்குமா என்பது அடுத்த கேள்வி. இதை அறிய நிபுணர் வேண்டாம். தமிழ் முகவரி வைத்திருக்கும் ஒருவரை ஒரு கடிதம் போடச் சொன்னால் போதும். திரும்பி வந்தால் அந்த எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, உரியவரிடம் வேறு வழியில் கேளுங்கள்: இது மண்சரிவா, மறுப்பா?