இந்திய அணிக்கு ஆடாத ரஞ்சி நட்சத்திரங்கள்

இந்தியாவின் முதல்தர கிரிக்கெட்டில் ஆண்டுக்கணக்கில் ரன்னும் விக்கெட்டும் குவித்துவிட்டு, நாட்டுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடாமலேயே ஓய்வுபெற்றவர்களின் வரிசை நீளமானது. ரஞ்சிக் கோப்பையில் மிக அதிக விக்கெட் எடுத்தவர் அந்த வரிசையில் இருக்கிறார். முதல்தர ஆட்டத்தில் இந்தியர் ஒருவர் அடித்த மிக உயர்ந்த ஸ்கோருக்குச் சொந்தக்காரரும் அதில்தான் இருக்கிறார்.

கணக்குப் பார்த்தால் இதில் பாதி வியப்பு போய்விடும். இன்று ரஞ்சியில் ஆடும் அணிகள் 38. ஒரே சமயத்தில் களத்தில் நானூற்றுக்கும் மேற்பட்டவர்கள். இந்திய அணியிலோ 11 இடங்கள். ஆனால் மீதிப் பாதி வியப்பு அவ்வளவு எளிதாகத் தீராது. இடம் காலியாக இருந்த நாளிலும் சிலருக்குக் கதவு திறக்கவில்லை. “தவறான காலத்தில் பிறந்துவிட்டார்” என்று சொல்லி அதை மூடிவிடுவது வழக்கம். பல நேரங்களில் அது தேர்வாளர்களின் முடிவுக்குப் போடப்படும் போர்வைதான்.

தொடக்க காலம்

1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ஆட்டம்தான் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். ஒரே நாளில் முடிந்துபோன அதில் மெட்ராஸின் இடக்கைச் சுழல் வீச்சாளர் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மட்டையும் பிடிக்கத் தெரிந்த அந்தச் சீக்கியர் மெட்ராஸையே ஊராக்கிக்கொண்டவர். அவருக்கு டெஸ்ட் தொப்பி கிடைக்கவில்லை. விடுதலைக்கு முன் இந்தியா ஆடிய டெஸ்ட்டுகளே மொத்தம் 10; நடுவில் உலகப்போர் வேறு பத்தாண்டு இடைவெளியை உண்டாக்கியது. அதற்குப்பின் அதே இடக்கைச் சுழலோடு வினு மன்கட் வந்துவிட்டார். ராம்சிங்கின் மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னாளில் இந்தியாவுக்கு ஆடினார்கள். கிருபால் 1955-இல் நியூசிலாந்துக்கு எதிராக ஹைதராபாத்தில் தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார்.

பாவுசாகேப் நிம்பால்கரின் கதை இன்னும் விசித்திரம். 1948 டிசம்பரில் புணேயில் காத்தியவாருக்கு எதிராக மகாராஷ்டிரம் 4 விக்கெட்டுக்கு 826 ரன் எடுத்திருந்தபோது, நிம்பால்கர் 443 ரன்களுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். அன்றைய உலக சாதனை டான் பிராட்மனின் 452. இன்னும் பத்து ரன் எடுத்தால் அதைக் கடந்துவிடலாம். இடைவேளையில் காத்தியவார் அணி தோல்வியை ஒப்புக்கொண்டு மூட்டை கட்டியது. முதல்தர ஆட்டத்தில் நானூறைத் தொட்ட ஒரே இந்தியர் அவர்தான். டெஸ்ட் எண்ணிக்கை: பூஜ்யம்.

கோயலும் சிவால்கரும்

இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் இந்த இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். அது நியாயமும்கூட.

ராஜிந்தர் கோயல் 1942-இல் இன்றைய ஹரியானாவின் நர்வானாவில் பிறந்தார். பாட்டியாலா, தெற்குப் பஞ்சாப், டெல்லி, ஹரியானா என அணி மாறி 1958-59 முதல் 1984-85 வரை இடக்கைச் சுழல் வீசினார். ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட். முதல்தர ஆட்டங்களில் மொத்தம் 750, சராசரி 18.58. ரஞ்சிப் பட்டியலில் அவருக்கு அடுத்து வரும் எஸ். வெங்கட்ராகவனின் கணக்கு 530. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே நூறு விக்கெட்டுக்கு மேல் வித்தியாசம்.

பம்பாயின் பத்மாகர் சிவால்கரும் அதே இடக்கை, அதே சுழல். 124 முதல்தர ஆட்டங்களில் 589 விக்கெட், சராசரி 19.69. மராத்தியில் நன்றாகப் பாடவும் செய்வார். தமிழ்நாட்டு ரசிகர்கள் அவரை மறக்க வழியில்லை. 1972-73 ரஞ்சி இறுதியாட்டம் சேப்பாக்கத்தில் நடந்தது. சுழலுக்கு ஏற்ற ஆடுகளம். தமிழ்நாட்டின் கையில் வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் இருந்தார்கள். பம்பாய் எடுத்தது 151, 113 தான். அதுவே போதுமானதாக இருந்தது. சிவால்கர் முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 18 ரன்னுக்கு 5 விக்கெட். தமிழ்நாடு 80, 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே எல்லாம் முடிந்தது. பம்பாய் தொடர்ந்து வென்ற 15-வது கோப்பை அது.

இருவரும் ஏன் ஆடவில்லை என்று கேட்டால், உடனே வரும் பதில் பிஷன் சிங் பேடி. 1966 டிசம்பர் கடைசி நாளில் தொடங்கி 1979 வரை 67 டெஸ்ட், 266 விக்கெட். அவரைவிடச் சிறந்த இடக்கைச் சுழலர் அன்று உலகத்திலேயே இல்லை என்று வாதிடலாம். பேடி இருக்கும் அணியில் இன்னொரு இடக்கைச் சுழலரை எதற்கு எடுக்க வேண்டும் என்ற கேள்வியும் நியாயமாகவே படும்.

அந்த நியாயம் 1974 நவம்பரில் பெங்களூரில் ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தின்போது தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்ததற்காக, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான அந்த முதல் டெஸ்ட்டில் பேடி சேர்க்கப்படவில்லை. கோயல் அணிக்கு அழைக்கப்பட்டார். கார்டன் கிரீனிட்ஜும் விவியன் ரிச்சர்ட்ஸும் அறிமுகமான ஆட்டம் அது. காலையில் 11 பேர் பட்டியல் வந்தபோது கோயல் பெயர் இல்லை. சந்திரசேகருடன் பிரசன்னா, வெங்கட்ராகவன் என்று இரண்டு ஆஃப் ஸ்பின்னர்கள் ஆடினார்கள். இந்தியா 267 ரன்னில் தோற்றது. அடுத்த டெஸ்ட்டுக்குப் பேடி திரும்பிவிட்டார். கோயலுக்கு அப்படி ஒரு அழைப்பு மறுபடி வரவில்லை.

இங்கேதான் பழைய வாதம் உடைகிறது. ஒரே அணியில் இரண்டு ஆஃப் ஸ்பின்னர்கள் ஆடலாம் என்றால், இரண்டு இடக்கைச் சுழலர்கள் ஆடுவது மட்டும் எப்படி ஆகாத காரியமாயிற்று? பேடியுடன் கோயலையோ சிவால்கரையோ டெஸ்ட்டில் இறக்கித் தேர்வாளர்கள் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை. காத்திருந்தவர்களால் என்ன முடியும் என்பதைப் பின்னாளில் திலீப் தோஷி காட்டினார். பேடியின் காலம் முடிந்ததும் 1979 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அறிமுகமானபோது தோஷிக்கு 31 வயது தாண்டிவிட்டது. முதல் இன்னிங்ஸிலேயே 6 விக்கெட். 33 டெஸ்ட்டில் 114 விக்கெட். அந்த மாதம் கோயலுக்கு 37 வயது, சிவால்கருக்கு 39. அவர்களை யாரும் நினைக்கவில்லை.

சுனில் கவாஸ்கர் தன்னைக் கவர்ந்த ஆட்டக்காரர்களைப் பற்றி எழுதிய ‘ஐடல்ஸ்’ நூலில், டெஸ்ட் ஆடாத இந்த இருவருக்கும் இடம் கொடுத்தார். கிரிக்கெட் வாரியம் 2017-இல் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதை இருவருக்கும் சேர்த்து வழங்கியது. கோயல் 2020 ஜூனில் ரோத்தக்கிலும், சிவால்கர் 2025 மார்ச்சில் மும்பையிலும் காலமானார்கள்.

அமோல் மஜும்தார்

1988 பிப்ரவரியில் ஹாரிஸ் ஷீல்டு பள்ளி ஆட்டத்தில் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ரன் சேர்த்தபோது, அடுத்து இறங்கப் பேட் கட்டிக்கொண்டு காத்திருந்த சிறுவன் அமோல் மஜும்தார். கடைசிவரை இறங்கவே இல்லை. கதை எழுதுபவர்களுக்கு இதைவிட வசதியான தொடக்கம் கிடைக்காது என்பதால், அவரைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளும் இதிலேயே தொடங்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது 1993-94 ரஞ்சியில் ஹரியானாவுக்கு எதிராக அவர் எடுத்த 260 ரன். முதல்தர அறிமுக ஆட்டத்தில் அது அன்று உலக சாதனை; மத்தியப் பிரதேசத்தின் அஜய் ரொஹேரா 2018-இல் 267 அடிக்கும்வரை கால் நூற்றாண்டு நின்றது.

1996 ஜூனில் லார்ட்ஸில் கங்குலியும் டிராவிடும் அறிமுகமானார்கள். அதே ஆண்டு நவம்பரில் லக்ஷ்மண். டெண்டுல்கர் ஏற்கெனவே இருந்தார். நடுவரிசையின் கதவு அதோடு சாத்தப்பட்டது. லக்ஷ்மணுக்கே அங்கே இடமில்லாமல் சில ஆண்டுகள் ஓப்பனராக இறங்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், மஜும்தாரின் நிலை புரியும். கோயல் விஷயத்தில் தேர்வாளர்களைக் குறை சொல்வதுபோல் இங்கே சொல்ல முடியாது. மஜும்தார் 2006-07-இல் மும்பைக்குத் தலைமை தாங்கி ரஞ்சிக் கோப்பை வென்றார். பிறகு அசாமுக்கும் ஆந்திரத்துக்கும் ஆடினார். 171 முதல்தர ஆட்டங்களில் 11,167 ரன், 30 சதங்கள்.

தமிழ்நாட்டுப் பெயர்கள்

தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே முறை: 1954-55, 1987-88. இரண்டாவது வெற்றியின் தலைவர் எஸ். வாசுதேவன், அவரும் இடக்கைச் சுழலர், இந்தியாவுக்கு ஆடவில்லை. நீண்டகாலம் இன்னிங்ஸைத் தொடங்கிய வி. சிவராமகிருஷ்ணனும் ஆடவில்லை.

எல்லோரிலும் மனத்தை உறுத்துவது எஸ். ஷரத். 139 முதல்தர ஆட்டங்களில் 8,700 ரன், சராசரி 51-க்கு மேல், 27 சதங்கள். தமிழ்நாட்டுக்காக நூறு ரஞ்சி ஆட்டங்களைத் தொட்ட முதல் ஆட்டக்காரர் இவர். இதே அணியின் இடக்கை மட்டையாளர்களில் சடகோபன் ரமேஷுக்கு 19 டெஸ்ட்டும் ஹேமங் பதானிக்கு 4 டெஸ்ட்டும் கிடைத்தன; ஷரத்துக்கு ஒன்றுமில்லை. நடுவரிசை நால்வர் என்ற அதே சுவர்தான். ஆனாலும் காயத்தால் யாராவது விலகிய நாட்களில்கூட அவர் பெயர் மேலே வரவில்லை.

ஒன்றிரண்டு டெஸ்ட்டோடு நின்றவர்கள் இந்தப் பட்டியலின் பக்கத்து வீட்டுக்காரர்கள். லெக் ஸ்பின்னர் வி.வி. குமார் 1961-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிரான முதல் டெஸ்ட்டிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். அடுத்து ஒரே ஒரு டெஸ்ட். அதன்பின் முதல்தர விக்கெட் கணக்கு 599 வரை போனாலும் தேர்வுக்குழு திரும்பிப் பார்க்கவில்லை. எஸ். பத்ரிநாத்துக்கும் இரண்டே டெஸ்ட்டுகள்தாம்.

தேர்வு நடக்கும் விதம்

அன்றைய ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பின் அளவே சிறியது. 1969 டிசம்பருக்குப் பிறகு 1971 பிப்ரவரி வரை இந்தியா ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை. 1973 பிப்ரவரியிலிருந்து 1974 ஜூன் வரையிலும் அப்படியே. ஒருநாள் ஆட்டம் 1974 ஜூலையில்தான் இந்தியாவுக்கு வந்தது. டெஸ்ட்டில் இடமில்லை என்றால் வேறு வழியில்லை.

தேர்வுக்குழுவில் தெற்கு, மேற்கு, வடக்கு, கிழக்கு, மத்திய மண்டலங்களுக்கு ஒவ்வொருவர் என்பது நெடுங்கால வழக்கம். ஒவ்வொருவரும் தம் மண்டலத்துக்காகப் பேசுகிறார் என்ற புகாரும் அவ்வளவு பழையது. பலவீனமான அணிகளுக்கு எதிராகச் சேர்த்த ரன்னுக்கு மதிப்பில்லை என்பது தேர்வாளர்களின் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ரஞ்சி வெற்றியாளருக்கும் எஞ்சிய இந்திய அணிக்கும் நடக்கும் இரானி கோப்பை, மண்டலங்கள் மோதும் துலீப் கோப்பை ஆகியவை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் மேடைகளாகக் கருதப்பட்டன.

ஐபிஎல் காலம்

2008-க்குப் பிறகு தேர்வாளர்களின் கண்ணில் பட இன்னொரு பாதை வந்தது; அந்தப் பாதையில் வராதவர்கள் மேலும் பின்னுக்குப் போனார்கள். இந்தூரில் பிறந்து மத்தியப் பிரதேசத்துக்கும் பிறகு கேரளத்துக்கும் ஆடிய ஜலஜ் சக்சேனா, ரஞ்சியில் 6,000 ரன்னும் 400 விக்கெட்டும் எடுத்த முதல் ஆட்டக்காரர். 2024 நவம்பரில் அதை எட்டினார். அவருடைய தொழில் ஆஃப் ஸ்பின்னும் மட்டையும். அதே தொழிலில் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வின் இருந்தார். ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் இருந்தார்கள். குஜராத்தின் பிரியங்க் பஞ்சால் 2016-17-இல் 1,310 ரன் அடித்துத் தன் அணி முதல்முறை ரஞ்சி வெல்ல உதவினார். ரோகித் சர்மா காயமடைந்தபோது தென்னாப்பிரிக்கா போன அணியிலும் சேர்ந்தார். டெஸ்ட் ஆடாமலேயே 2025 மே மாதம் ஓய்வுபெற்றார்.

பெஞ்சில் உட்கார்ந்த நாட்களுக்குச் சாதனை இருந்தால் அபிமன்யு ஈஸ்வரன் அதை முறியடித்திருப்பார். தந்தை தமிழர். டேராடூனில் அவர் தொடங்கிய கிரிக்கெட் அகாதெமிக்கு அபிமன்யு என்று பெயர் வைத்தது மகன் பிறப்பதற்கு முன்பே. 2023-இல் வங்காள அணிக்காகத் தன் பெயர் தாங்கிய அந்த அகாதெமியின் மைதானத்திலேயே மகன் ரஞ்சி ஆடிச் சதம் அடித்தார். 2022 டிசம்பரில் முதல்முறை டெஸ்ட் அணியில் சேர்ந்த பிறகு, ஜெய்ஸ்வால், சர்ஃபராஸ் கான், தேவ்தத் படிக்கல், சாய் சுதர்சன் என ஒருவர்பின் ஒருவராக அறிமுகமானார்கள். ஆஸ்திரேலியாவில் ஐந்து டெஸ்ட், 2025-இல் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்: பத்திலும் அபிமன்யு வெளியில்தான் இருந்தார்.

சர்ஃபராஸ் கான் மட்டும் இந்தப் பட்டியலிலிருந்து தப்பினார். 2019-20-இல் 928, 2021-22-இல் 982 என ரஞ்சியில் ரன் குவித்தும் 2024 பிப்ரவரி வரை காத்திருந்தார்; ராஜ்கோட்டில் அறிமுகமான டெஸ்ட்டில் இரண்டு இன்னிங்ஸிலும் அரைசதம் அடித்தார். உள்நாட்டு ரன் எடுபடாது என்ற வாதத்துக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த தெளிவான மறுப்பு அது.

ஓய்வுக்குப் பிறகு

ஆட்டக்காரர்களாக வெளியே நின்றவர்கள் இப்போது வேறு வாசல் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். மஜும்தார் பயிற்சியளித்த இந்திய மகளிர் அணி 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றியது. சௌராஷ்டிரத்துக்காக 8,000 ரன்னுக்கு மேல் எடுத்த சித்தான்ஷு கோட்டக் 2025 தொடக்கத்தில் இந்திய ஆடவர் அணியின் பேட்டிங் பயிற்சியாளர் ஆனார். டெல்லிக்கு ஆடி 9,714 முதல்தர ரன் எடுத்த மிதுன் மன்ஹாஸ் அதே ஆண்டு செப்டம்பரில் கிரிக்கெட் வாரியத் தலைவரானார். ஷரத் 2023 ஜனவரியில் ஆடவர் தேர்வுக்குழுவில் உறுப்பினரானார். தேர்வாளர் ஆவதற்கு டெஸ்ட் ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. வாரியத்தின் விதிப்படி 30 முதல்தர ஆட்டங்கள் போதும்.