இலை உதிர்க்கும் மரங்களில் போன்சாய்: இயல்பான வடிவம் கொடுப்பது எப்படி?

மாசி மாதத்தில் ஒரு நாள் ஊர் மந்தையில் இருக்கும் அரச மரத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். இலை கொட்டிய பிறகுதான் மரத்தின் எலும்பு தெரியும். எந்த உயரத்தில் கிளை பிரிகிறது, எந்தச் சாய்வில் மேலே போகிறது, நுனி எப்படி மெலிகிறது என்பதெல்லாம் அப்போது ஒளிவு மறைவில்லாமல் நிற்கும். போன்சாய் தொட்டியில் நீங்கள் உருவாக்க வேண்டியது அந்த எலும்பைத்தான். இலை பிறகு தானாக வந்துவிடும்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நாற்றுப்பண்ணையோடு சேர்த்து போன்சாய் வளர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஜப்பானியப் பைன் மரப் படங்களைப் பார்த்து வடிவம் கற்றுக்கொள்கிறார்கள். தண்டை பாம்பு போல் வளைத்து, கிளைகளைக் கம்பி கட்டிக் கீழே இறக்கி, இலையைத் தட்டுத் தட்டாகப் பிரிப்பது அந்த முறை. பைன் மரத்துக்கு அது பொருந்தும். மலையில் பனி விழுந்து அதன் எடையில் கிளைகள் தாழ்ந்து நிற்பது அந்த மரத்தின் இயல்பு. நம் வேம்புக்கும் அரசுக்கும் பனிச்சுமை ஏது?

கொய்யாவில் கிளையை வளைத்துக் கட்டினால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வளைத்த கிளையின் மேற்புறம் நெடுகத் துளிர் வெடிக்கும். கொய்யாவில் அது நமக்கு லாபம், காய் பிடிக்கும். போன்சாயில் அதுவே நஷ்டம். கீழே இறக்கிய வேப்பங்கிளையின் முதுகில் நாலைந்து போத்துகள் செங்குத்தாகக் கிளம்பும், நுனி சத்தில்லாமல் காயும். இரண்டு வருட உழைப்பு போய்விடும். கம்பி பதிந்த தழும்பு மட்டும் மிஞ்சும். எனவே மரத்தின் போக்கைத் தெரிந்துகொண்டு கவாத்து செய்வதே நல்லது.

எந்த மரம் எப்படி வளர்கிறது?

வேம்பு வெட்டவெளியில் தனியாக நின்றால் குட்டையான நேர் அடிமரம், அதிலிருந்து மேல்நோக்கிப் பிரியும் மூன்று நான்கு பெருங்கிளைகள், அதன் மேல் உருண்டையான தலை என்று வளரும். அரசில் அடிமரம் ஒரே உருளையாக இருக்காது, பல தண்டுகள் ஒட்டிக்கொண்டது போல் வரி வரியாகப் புடைத்திருக்கும். கிளைகள் தாராளமாக விரிந்து, இடையில் வானம் தெரியும். வாகை தை, மாசியில் காய்ந்த நெற்றுகள் மட்டும் சலசலக்க நிற்கும்போது பாருங்கள், விரித்த குடையின் கம்பிகள் போலவே கிளைகள் போகும். புளி வறண்ட இடங்களில் மட்டும் கொஞ்ச நாள் இலை உதிர்க்கும். அதற்குக் கனத்த, முடிச்சு விழுந்த அடிமரம், குவிந்த தலை, ஓரங்களில் தொங்கும் நுனிகள்.

இலை உதிர்க்கும் மரம் என்றாலே கிளை மேல்நோக்கித்தான் போகும் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. பஞ்சு காய்க்கும் இலவ மரத்தைப் பாருங்கள். நேரான தண்டிலிருந்து அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கிலும் சக்கரத்தின் ஆரக்கால் போலக் கிளைகள் படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு வேம்பின் உருண்டைத் தலையைக் கொடுத்தால் அது இலவமாகவே தெரியாது.

பிற நாடுகளிலும் மரத்தைப் பார்த்துத்தான் வடிவத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் கெயாக்கி என்ற இலையுதிர் மரத்தை ஒட்டி வந்த வடிவத்துக்கு ஹோக்கிடாச்சி என்று பெயர். ஹோக்கி என்றால் துடைப்பம். தலைகீழாக நிறுத்திய துடைப்பம் போல ஓரிடத்திலிருந்து கிளைகள் விரியும். தென்னாப்பிரிக்காவில் குடை வடிவ வேல மரங்களைப் பார்த்து ஒரு பாணியை உருவாக்கி, அந்த மரங்களை வரைந்த பியர்னீஃப் என்ற ஓவியரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டு ஓரங்களில் உடைமரம் பார்த்தவர்களுக்கு அந்த வடிவத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கன்றும் வேரும்

அரசுக்கு நல்ல கன்று கிணற்றுச் சுவரிலும் பழைய மதில் இடுக்கிலும் கிடைக்கும். மண் இல்லாத இடத்தில் வளர்ந்ததால் வேர் பருத்து முறுக்கேறியிருக்கும். சுவரும் பிளக்காமல் தப்பிக்கும். (அரசை வெட்டித் தொட்டியில் வைக்க மனம் ஒப்பாதவர்கள் உண்டு. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.) வேம்பு, புளி, வாகையை விதையிலிருந்தே கொண்டு வரலாம். காப்புக்காட்டிலிருந்து மரத்தைத் தோண்டி எடுப்பது வனச் சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

வேம்பும் புளியும் ஆணிவேரை வேகமாக இறக்கும். கன்று ஒரு சாண் வளர்ந்ததும் பிடுங்கி, ஆணிவேரை வெட்டிவிட்டு, ஓட்டுத்துண்டு அல்லது தட்டையான கல்லின் மேல் வைத்து பக்கவேர்களை நாலாபுறமும் பரப்பி மண் அணையுங்கள். வளர்ந்த மரத்தின் தூரில் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டு புடைத்து நிற்குமே, அந்தத் தோற்றம் இந்த ஒரு வேலையில்தான் வருகிறது. பின்னால் திருத்துவது கடினம்.

அடிமரத்தைத் தொட்டியில் தடிக்க வைக்க முடியாது

பலர் தவறு செய்வது இங்கேதான். கன்றை நேராகச் சின்னத் தொட்டியில் வைத்துவிட்டு, பத்து வருடம் ஆகியும் விரல் தடிமன்தான் என்று குறைபடுவார்கள். வேர் ஓடினால்தான் தண்டு பருக்கும். விவசாயிக்கு இதில் ஒரு வசதி உண்டு. நகரத்தில் மாடியில் போன்சாய் வளர்ப்பவருக்கு இல்லாத நிலம் உங்களிடம் இருக்கிறது. வரப்போரத்திலோ தோட்டத்து மூலையிலோ நட்டு, மூன்று நான்கு வருடம் கவாத்தே இல்லாமல் ஓடவிடுங்கள்.

தூர் இரண்டு அங்குலம் தடித்ததும் முதல் வெட்டு. போன்சாயில் பொதுவான கணக்கு, தூரின் தடிமனைப்போல் ஆறு மடங்கு மரத்தின் உயரம். அதாவது இரண்டு அங்குலத் தூருக்கு ஓர் அடி மரம். குடை போல் விரியும் மரங்களை இன்னும் குட்டையாக, நான்கைந்து மடங்கில் நிறுத்தினால்தான் கிழட்டு மரத்தின் தோரணை வருகிறது என்பது என் கணிப்பு. முதல் வெட்டை முழு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில், அதாவது நான்கு அங்குலத்தில் போடுங்கள். மாசிக் கடைசியில், மொட்டு விரியும் முன் வெட்டுவது நல்லது. செடிமுருங்கையை 75 சென்டிமீட்டரில் நுனி கிள்ளிப் பக்கக்கிளை வாங்குகிறோமே, அதே வேலைதான். வேம்பு, அரசு, புளி மூன்றும் பழைய தண்டிலிருந்தும் தாராளமாகத் துளிர்க்கும்.

வெட்டிய வாய்க்குச் சற்றுக் கீழே சணல் கயிற்றால் இறுக்கமாக ஒரு கட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் துளிர்கள் கூட்டமாக வரும்போது அந்த இடம் முழங்கால் போல் வீங்கிவிடும். கயிறு பட்டையில் பதியத் தொடங்கினால் அவிழ்த்துவிடுங்கள். வெட்டுவாய்க்கு போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் ஒரு பங்கு, சுண்ணாம்பு ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. அரசில் பால் வடிவது நின்ற பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தடவுங்கள்.

கிளை கட்டுவது

வெட்டு வாயைச் சுற்றி பத்துப் பன்னிரண்டு துளிர் வரும். அதில் மூன்று அல்லது நான்கை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது. ஒன்று சற்றுக் கீழே, ஒன்று மேலே, ஒன்று பின்பக்கம் என்று தேர்ந்தெடுங்கள். ஒரே புள்ளியிலிருந்து மூன்று கிளை பிரிந்தால் கவலைக்கோல் போலத் தெரியும், இடமும் வீங்கும்.

இனி வேண்டியது பொறுமை. தேர்ந்தெடுத்த கிளையை நுனி கிள்ளாமல் ஓடவிடுங்கள். அது தாய்த்தண்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்காவது வரட்டும். அதற்குள் நான்கடி நீளம் ஓடியிருக்கும், பார்க்க அலங்கோலமாக இருக்கும், கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். தடித்த பிறகு இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். வரும் துளிரில் இரண்டு மட்டும். அவை தடித்ததும் மறுபடி இரண்டு கணுவில் வெட்டு. ஒவ்வொரு முறையும் துண்டு முந்தையதைவிடக் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருக்க வேண்டும். இப்படி நான்கைந்து தடவை செய்தால் ஒரு பெருங்கிளை முப்பது நுனியாகப் பிரிந்திருக்கும். சீனாவில் குவாங்தோங் பகுதியின் லிங்னான் முறை இதுதான். வளரவிட்டு வெட்டு, வளரவிட்டு வெட்டு. கம்பியைவிட மெதுவான வழி. ஆனால் கிளையில் வரும் கோணல், காற்றிலும் வெயிலிலும் ஒடிந்து வளர்ந்த பெரிய மரத்தின் கோணல் போலவே இருக்கும்.

வெட்டும்போது கடைசிக் கணுவின் மொட்டு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். புதுக்கிளை அந்தத் திசையில்தான் போகும். வேம்பிலும் அரசிலும் கணுக்கள் மாறி மாறி அமைவதால், வெளிப்பக்க மொட்டு வேண்டுமென்றால் ஒரு கணு கூட்டியோ குறைத்தோ வெட்டினால் போதும். பெரிய மரத்தில் கிளை மேல்நோக்கிப் புறப்பட்டு, எடையில் வெளியே சாய்ந்து, நுனியில் மறுபடி வெளிச்சத்தைத் தேடி நிமிரும். அந்த மூன்று திருப்பத்தையும் மூன்று வெட்டில் வாங்கிவிடலாம்.

உச்சி எப்போதும் பலசாலி. அதை அடிக்கடி கிள்ளுங்கள், கீழ்க்கிளையை ஓடவிடுங்கள். மாற்றிச் செய்தால் கீழ்க்கிளை மெலிந்து செத்துவிடும். செத்த கீழ்க்கிளையைத் திரும்ப அதே இடத்தில் வாங்க மூன்று வருடமாவது ஆகும், சில சமயம் வரவே வராது.

மரத்தை முதுமையாகக் காட்ட பைனில் கிளையை உரித்து வெள்ளை எலும்பு போல் விடுவார்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட வேம்பை நான் பார்த்ததில்லை. கிளை ஒடிந்த இடம் உளுத்துப் பொந்தாகும், ஓரத்தில் பட்டை சுருண்டு மூடும். பெரிய வெட்டுத் தழும்பு இருந்தால் அதை மறைக்க முயலாமல், சிறு உளியால் குழித்துப் பொந்தாக மாற்றிவிடலாம். தண்ணீர் தேங்காதபடி கீழ்நோக்கிச் சரிவு கொடுங்கள். புளிக்கு இது அழகாகப் பொருந்தும்.

கம்பி எப்போது?

வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இளம் கிளை பழுப்பாக மாறும் முன், ஆரம்பச் சாய்வைத் திருத்த மட்டும் அலுமினியக் கம்பி சுற்றலாம். கிளையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள கம்பி போதும். நம் வெயிலில் மரம் வேகமாகப் பருப்பதால் மூன்றாம் வாரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். பதியத் தொடங்கினால் சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். அரசின் பட்டை மெல்லியது, தழும்பு பல வருடம் போகாது. அதற்குக் கயிறு கட்டி இழுப்பதே மேல்.

தொட்டி, மண், இலை

எலும்பு பாதியாவது அமைந்த பிறகு தொட்டிக்கு மாற்றினால் போதும். மாசி, பங்குனியில் துளிர் வரும் முன் மாற்றுங்கள். சல்லிவேர் தங்கும்படி தடித்த வேர்களைக் குறைத்து, பருமணல் அல்லது உடைத்த செங்கல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். தூசியைச் சலித்து நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் வடிகால் அடைபடும். புதிதாக மாற்றிய மரத்துக்கு இரண்டு மூன்று வாரம் நிழல் தேவை. கோடையில் காலை, மாலை இரு வேளை தண்ணீர்.

அரசுக்கு இலை பெரிது. ஓரடி மரத்தில் உள்ளங்கை அகல இலை இருந்தால் மரமே மறைந்துவிடும். வைகாசியில் இலைகளைக் காம்பை விட்டுவிட்டு நறுக்கினால் அடுத்து வருவது சிறிதாக வரும். நோஞ்சான் மரத்திலும், அந்த வருடம் வேர் வெட்டிய மரத்திலும் இதைச் செய்யவே கூடாது. வேம்பு, புளிக்குத் தேவையில்லை. நுனி கிள்ளிக்கொண்டே வந்தால் இலை சிறுக்கும்.

ஒரே மரத்தை நம்பி இறங்க வேண்டாம். வருடத்துக்குப் பத்து இருபது கன்றாக வரப்பில் நட்டுக்கொண்டே வாருங்கள். ஐந்தாம் வருடத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சில மரங்கள் தொட்டிக்குத் தயாராகும், தேறாதவற்றை வரப்பிலேயே நிழலுக்கு விட்டுவிடலாம். வாங்க வருபவரிடம் காட்டும் மரத்தை இலை உதிர்ந்த நாளில் ஒரு படம், தழைத்த நாளில் ஒரு படம் என்று இரண்டாக எடுத்து வையுங்கள். விவரம் தெரிந்தவர் முதல் படத்தைத்தான் கேட்பார்.