பெர்த்தாம் பள்ளத்தாக்கும் அரும்பொருளகமும்

பழைய சென்னை மக்கள் எழும்பூர் அரும்பொருளகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்து வந்தனர். 1851-ஆம் ஆண்டில் அவ்வரும்பொருளகம் கல்லூரிக் கட்டடம் ஒன்றில் தோற்றுவிக்கப்பெற்றமையால் 'காலேஜ்' என்னும் சொல் அதனோடு ஒட்டிக்கொண்டது என்பர். பாடம் செய்யப்பெற்ற விலங்குகளையும், 1874-ஆம் ஆண்டில் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டையும் கண்டு வியந்த பாமர மக்கள் இட்ட பெயர் அது. கேட்போர்க்கு நகைப்பூட்டும் பெயரேயாயினும், அதனுள் சிந்தனைக்குரிய கருத்து ஒன்று அடங்கியுள்ளது. உயிர் நீங்கிய பின்னரே ஒரு பொருள் போற்றிக் காக்கப்பட வேண்டுமோ என்னும் வினாவே அது. மலேசியத் தமிழர்களைப் பொறுத்தவரை, கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றின் அடியில் கிடக்கும் லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் அவ்வினா இன்று உயிர்ப்புடன் நிற்கிறது.

திமிங்கிலத்தின் வரலாறு

மலேசியாவின் மிகப் பழைய அரும்பொருளகம் தைப்பிங் நகரில் உள்ளது. பேராக் அரும்பொருளகம் எனப்படும் அது 1883-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. புதிதாக ஆளவந்த ஆங்கிலேயர், நாட்டின் ஈயத்தையும் மரங்களையும் பறவைகளையும் மக்களையும் அறிந்துகொள்ள விரும்பினர். ஆகவே இயற்கைப் பொருள்களும், பழங்குடி மக்களின் கருவிகளும், படைக்கலங்களும் அங்கே ஒருங்கு சேர்க்கப்பட்டன. கோலாலம்பூரிலிருந்த சிலாங்கூர் அரும்பொருளகம் 1945-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. அவ்விடத்திலேதான் தேசிய அரும்பொருளகம் எழுப்பப்பெற்று, 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் திறந்துவைக்கப்பெற்றது.

அத்தேசிய அரும்பொருளகத்தில் ஒருகாலத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருந்தது. அத்திமிங்கிலம் 1892-ஆம் ஆண்டில் மலாக்காக் கரையில் ஒதுங்கியது. 1907 முதல் சிங்கப்பூர் இராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் அதன் எலும்புக்கூடு தொங்கவிடப்பட்டிருந்தது. 1974-இல் மலேசியாவுக்கு வழங்கப்பெற்றுக் கோலாலம்பூர் வந்தது. பின்னர் லாபுவான் தீவுக்குச் சென்றது. ஒரு கடல் விலங்கின் எலும்புகள் எங்கே கிடைத்தன, எப்போது கிடைத்தன, எவர் கைமாறி எங்கே சென்றன என்பனவெல்லாம் இங்ஙனம் பிழையின்றிக் குறித்து வைக்கப்பட்டுள்ளன. அரும்பொருளகக் கலையின் அருமை இதுவே. பொருளைச் சேர்ப்பது அதன் ஒரு பாதி. சேர்த்த பொருளுக்குரிய செய்தியைச் சேர்ப்பது மறுபாதி.

அதே கடலைக் கடந்து வந்த தமிழரின் நிலை வேறு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹமிலும் இறங்கியோர் பல்லாயிரவர். 1926 முதல் 1973 வரை கடலில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயரைக் கேள்விப்படாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. ஆயினும், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்துக்குத் தம் முன்னோர் வந்தனர் என்று கேட்டால் விடை கூற இயலாத பிள்ளைகள் இன்று பலர். திமிங்கிலத்துக்குக் கிடைத்த குறிப்பு மனிதர்க்குக் கிடைக்கவில்லை.

மலையைக் கண்டவரும் மலையைத் திருத்தியவரும்

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங் மாநில எல்லையோர மலைகளை ஆராய்ந்து வந்தபோது மேட்டுச் சமவெளி ஒன்றைக் கண்டு அறிவித்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. செமாய் முதலான பழங்குடி மக்கள் அவருக்கு நெடுங்காலம் முன்பிருந்தே அம்மலைகளில் வாழ்ந்து வந்தனர் என்பதை மாணவர் மறத்தலாகாது. 1925-ஆம் ஆண்டளவில் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பின்னர், குளிர்நகர் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து தானா ராத்தா செல்லும் மலைப்பாதை 1931-ஆம் ஆண்டளவில் நிறைவெய்தியது.

பாதை முற்றுப்பெறுமுன்பே, 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையினராகத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. கீழ்நாட்டு இரப்பர்த் தோட்டங்களில் வேலை குறைந்த அதே வேளையில், மேல்நாட்டில் காடு வெட்டவும் கன்று நடவும் கைகள் தேவைப்பட்டன. 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்த பின்னர், புதியவர் வரவு நின்றது. முன்னரே வந்தவர்களும் அவர்தம் மக்களுமே மலையைத் தம் ஊராக்கிக்கொண்டனர்.

லயம், பிரட்டு, கங்காணி, தண்டல், கிராணி, ஆயாக்கொட்டகை, கொழுந்து என அவர்கள் வழங்கிய சொற்கள் ஒரு வாழ்க்கை முறையின் அகராதியாகும். பொழுது புலருமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, முதுகிலே கூடை சுமந்து, பனியிலும் மழையிலும் சரிவேறிக் கொழுந்து கிள்ளிய பெண்களின் உழைப்பு அச்சொற்களுள் உறைந்து கிடக்கிறது. கூடையை நிறுத்துப் பார்க்கும் தராசின் முன்னே அவர்களின் ஒரு நாள் முடிவு செய்யப்பட்டது.

இன்று கேமரன் மலைக்குச் செல்லும் சுற்றுப்பயணி தேயிலை ஆலையைக் காண்கிறார். கொழுந்தை வாட்டுதல், உருட்டுதல், புளிக்க வைத்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் ஆகிய படிநிலைகளை வரிசையாக அறிகிறார். பிரிஞ்சாங் மலையுச்சியில் பாசி படர்ந்த காட்டையும் குடுவைச் செடிகளையும் கண்டு மகிழ்கிறார். வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்கும் பழம்பொருள் காட்சியகத்துக்கும் செல்கிறார். 1967-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் தானா ராத்தாவில் நடைபயிலச் சென்று மறைந்துபோன அமெரிக்கப் பட்டு வணிகர் ஜிம் தாம்சனின் கதையையும் கேட்டறிகிறார். ஒருவர் மறைந்த கதை அரைநூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. லயங்களிலிருந்து ஒவ்வொரு குடும்பமாக நீங்கி, ஒரு சமுதாயமே மலையைவிட்டு இறங்கிய கதையைச் சொல்வார் சிலரே. கையால் கிள்ளிய இடத்தில் இன்று கத்தரியும் பொறியும் வேலை செய்கின்றன. அவற்றை இயக்குவோரிற் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். ஒருகாலத்தில் தமிழர் நின்ற இடத்திலே இன்று அவர்கள் நிற்கிறார்கள்.

பெர்த்தாம் கற்பிக்கும் பாடம்

பெர்த்தாம் என்பது மலாய் மொழியில் ஒரு பனைவகையின் பெயர். அதன் ஓலை கூரை வேய உதவும். பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங், தானா ராத்தா, ஹாபு வழியாக ஓடி ரிங்லெட் நீர்த்தேக்கத்தை அடைகிறது. 1963-இல் கட்டி முடிக்கப்பெற்ற சுல்தான் அபு பக்கார் அணை அந்நீரைத் தடுத்து நிறுத்துகிறது. இயல்பாகப் பகாங் ஆற்றை நோக்கிச் செல்ல வேண்டிய நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே பேராக் பக்கம் திருப்பப்பட்டு மின்னாற்றலாகிறது. அணைக்குக் கீழே, ஆற்றின் பழைய தடத்தில் அமைந்திருப்பதே லெம்பா பெர்த்தாம்.

மேல்மலைகளில் காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் காடு அழிக்கப்பட அழிக்கப்பட, மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு நீர்த்தேக்கத்தை அடைந்தது. மண் படியப் படிய நீர் கொள்ளும் இடம் குறைந்தது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள், பெருமழையால் நிரம்பிய அணையிலிருந்து இரவில் நீர் திறந்துவிடப்பட்டபோது, சேற்று வெள்ளம் லெம்பா பெர்த்தாமைத் தாக்கியது. உயிர்கள் மாண்டன. வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன.

அரும்பொருளகங்களில் இயற்கை வரலாறு ஓர் அறையிலும் மக்கள் வரலாறு மற்றோர் அறையிலும் வைக்கப்படுகின்றன. லெம்பா பெர்த்தாமிலோ அவ்விரண்டையும் பிரிக்க இயலாது. மலையுச்சிக் காட்டின் பாசி மழைநீரைப் பிடித்து வைக்கும் பான்மையும், சரிவில் வெட்டப்பட்ட மரமும், நீர்த்தேக்கத்தில் படிந்த மண்ணும், பள்ளத்தாக்கில் இடிந்த வீடும் ஒரே வரலாற்றின் அடுத்தடுத்த பக்கங்கள். அங்குச் செல்லும் மாணவர் குழு ஆற்றங்கரையில் சிறிது நேரம் நின்றாலே இதனை உணரும்.

அதே 2013-ஆம் ஆண்டிலேதான் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்காலக் கோயிலின் எச்சமொன்று நில மேம்பாட்டு வேலையின்போது இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளிவந்து தமிழர் நெஞ்சங்களை வருத்தியது. 'சண்டி 11' என ஆய்வாளரால் எண்ணிடப்பட்டிருந்தும், மரபுச் சின்னமாக அரசிதழில் பதிவுபெறாமையால் அதற்குக் காவல் இல்லாமற் போயிற்று. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல்லுக்கே அந்நிலை எனில், நூறாண்டும் நிரம்பாத பலகை லயத்தின் நிலையைக் கூறவும் வேண்டுமோ!

கம்பளையின் சான்று

இலங்கைத் தமிழர் இத்துறையில் ஒரு வழியைக் காட்டியுள்ளனர். கண்டிக்கு அருகே ஹந்தானையில் பழைய தேயிலை ஆலையொன்றில் இலங்கைத் தேயிலை அரும்பொருளகம் அமைந்துள்ளது. 1867-இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிரைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் பழைய பொறிகளும் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அது தேவையானதே. ஆயினும் அதனோடு அமையாமல், 2007-ஆம் ஆண்டில் கம்பளைக்கு அருகே பழைய லயக் கட்டடத்திலேயே தேயிலைத் தொழிலாளர் அரும்பொருளகமும் ஆவணக் காப்பகமும் தோற்றுவிக்கப்பெற்றன. தொழிலாளர் புழங்கிய வீட்டுப் பாத்திரங்களும் தொழிற்கருவிகளும் ஆவணங்களும் அவர்கள் வாழ்ந்த அறைகளிலேயே வைக்கப்பட்டுள்ளன. மொரிசியசு நாட்டில் ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய 'ஆப்பிரவாசி காட்' 2006-ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பெற்றதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கூலிகளின் கால்தடமும் உலக மரபே என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

ஆசிரியர் செய்யத்தக்கது

பெரிய கட்டடமும் பெரும் பொருளும் கிடைக்கும்வரை காத்திருத்தல் வேண்டா. கேமரன் மலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், தேயிலை ஆலையைக் காட்டிய பின்னர் அவர்களை ஒரு தோட்டக் கோயிலுக்கும் ஒரு பழைய லயத்துக்கும் அழைத்துச் செல்லலாம். அங்கே இன்னும் வாழும் மூதாட்டி ஒருவரின் எதிரே மாணவரை அமரச் செய்து, அவர் கூறுவதைக் கேட்டு எழுதுமாறு பணிக்கலாம். கூடையின் கயிற்றை நெற்றியில் மாட்டும் முறையை அவர் தம் கையாலேயே காட்டக்கூடும். அக்கையசைவை எந்தக் கண்ணாடிப் பேழையாலும் காக்க இயலாது. கண்டெழுதிய மாணவனால் இயலும்.

வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பயணச் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, மங்கிய திருமணப் படம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தாள் போதும். எங்கே கிடைத்தது, எப்போது பயன்பட்டது, எவருடையது என்னும் மூன்று வினாக்களுக்கு அத்தாளில் விடை எழுதப்பட வேண்டும். மலாக்காத் திமிங்கிலத்துக்கு எழுதப்பட்டவையும் இம்மூன்றே. பள்ளியின் ஒரு மூலையில் ஓர் அலமாரி, அதில் பொருள்கள் சில, அவற்றுக்குரிய தாள்கள் சில. ஓர் அரும்பொருளகத்துக்குத் தொடக்கம் அவ்வளவே.

சென்னை மக்கள் இட்ட 'செத்த காலேஜ்' என்னும் பெயர் அப்பள்ளி அலமாரிக்குப் பொருந்தாது. கூடை சுமந்த கைகளுட் சில இன்னும் மலையில் வாழ்கின்றன. அவை இருக்கும்போதே கேட்டெழுதுவது இன்றைய ஆசிரியர், மாணவர் ஆகிய இருசாராரின் கடனாகும்.