வலிப்பே மருந்தான கதை

மனச்சோர்வு முற்றியவருக்கு டாக்டர் "ஷாக் கொடுக்கலாம்" என்றதும் வீடே பதறிப்போகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அது இந்தச் சிகிச்சை பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

புடாபெஸ்டில் லாடிஸ்லாஸ் மெதூனா என்ற மருத்துவர் மூளைத் திசுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்துவந்தார். வலிப்பு நோயாளிகளின் மூளையில் கிளியா செல்கள் பெருகியும், மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில் குறைந்தும் இருப்பதாக அவருக்குத் தோன்றியது. இரண்டு நோய்களும் ஒன்றுக்கொன்று பகை, வலிப்பை வரவழைத்தால் மனச்சிதைவு விலகும் என்று கணக்குப் போட்டார். 1934 ஜனவரியில், எண்ணெயில் கரைத்த கற்பூரத்தை நோயாளிக்கு ஊசி போட்டார். கணக்கு தவறு, இரண்டு நோயும் ஒரே ஆளுக்கு வருவதுண்டு. ஆனால் சிலர் தேறினார்கள். பிறகு கார்டியசால் என்ற மருந்துக்கு மாறினார். ஊசிக்கும் வலிப்புக்கும் இடைப்பட்ட நேரத்தில் நோயாளிகளைச் சாவு பயம் பிடித்து ஆட்டியது.

ரோமில் உகோ செர்லெட்டி, மருந்துக்குப் பதில் மின்சாரத்தை யோசித்தார். நாய்களின் வாயிலும் ஆசனவாயிலும் மின்முனைகளை வைத்துப் பார்த்தபோது, மின்சாரம் இதயம் வழியாகப் பாய்ந்து பல நாய்கள் செத்தன. தலையின் இரு பக்கமும் வைத்தால் போதும் என்று கண்டவர் அவருடைய உதவியாளர் லூசியோ பினி. ரோம் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளின் பொட்டில் இடுக்கி வைத்து கரண்ட் பாய்ச்சிய பிறகே கழுத்தை அறுப்பார்கள். செர்லெட்டி நேரில் போய்ப் பார்த்தார். கரண்ட்டால் பன்றிகள் சாகவில்லை. வலிப்பு வந்து விழுந்தவை, அறுக்காமல் விட்டால் எழுந்து நடந்தன.

1938 ஏப்ரலில், ரயில் நிலையத்தில் பிதற்றிக்கொண்டு திரிந்த ஒருவரைப் போலீசார் அவரிடம் அனுப்பினார்கள். முதல் முறை கரண்ட் போதவில்லை, வலிப்பு வரவில்லை. மறுபடியும் வேண்டாம் என்று அந்த மனிதர் தடுத்ததாகச் செர்லெட்டியே எழுதியிருக்கிறார். ஆனாலும் கரண்ட்டைக் கூட்டி வைத்தார்கள். அவர் தேறி வீடு திரும்பினார். பின்னால் நோயும் திரும்பியது. அவர் சொல்லை மதிக்காததுதான் இந்தச் சிகிச்சையின் மேல் விழுந்த முதல் கறை.

அடுத்த ஆண்டுகளில் கறை கூடியது. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுத்ததில் சிலருக்கு முதுகெலும்பு முறிந்தது. சில மனநல விடுதிகளில் அடங்காதவர்களுக்குத் தண்டனையாகவும் பயன்பட்டது. சினிமா காட்டுவது இந்தக் காலத்தைத்தான்.

இன்று நிலைமை வேறு. நோயாளி மயக்கத்தில் இருப்பார். தசையைத் தளர்த்தும் மருந்து ஏறுமுன், ஒரு கணுக்காலில் ரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி அந்த மருந்து பாதத்துக்குப் போகாமல் தடுப்பார்கள். உடம்பு அசையாமல் கிடக்க, அந்தப் பாதம் மட்டும் துடிக்கும். மூளையில் வலிப்பு நடக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

மூளைக்குள் என்ன மாறுகிறது? வலிப்பை அடக்க மூளை தன் தடுப்பாற்றலைக் கூட்டிக்கொள்கிறது. அதனால் அடுத்தடுத்த முறைகளில் வலிப்பை வரவழைப்பது கடினமாகிறது. சிகிச்சைக்குப் பின் ஹிப்போகாம்பஸ் பகுதி சற்றுப் பருப்பது ஸ்கேனில் தெரிகிறது. விலங்குகளில் அங்கே புதிய நரம்பு செல்கள் முளைப்பதையும் கண்டிருக்கிறார்கள். எது நோயைத் தீர்க்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் சாப்பாடு தண்ணீரை மறுத்து, சாவையே நினைத்துக் கிடப்பவரை இவ்வளவு விரைவில் மீட்கும் வழி மிகக் குறைவு. மனச்சிதைவுக்காகப் பிறந்த சிகிச்சை, மனச்சோர்வில்தான் அதிகம் கைகொடுக்கிறது.

விலையும் உண்டு. சிகிச்சைக் காலத்தை ஒட்டிய நினைவுகள் அழியலாம். சிலருக்கு அவை திரும்புவதே இல்லை. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தேறியபின் வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 84 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது.

மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் இதைக் கொடுப்பதை இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்திருக்கிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இது தேவை என்று டாக்டர் சொன்னால், பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். எத்தனை முறை, நினைவு எவ்வளவு பாதிக்கும், முடிந்தபின் என்ன மருந்து என்று கேளுங்கள். நோயாளியின் விருப்பத்தையும் கேளுங்கள்.