திருவிழா அரங்குகளில் அழகுசாதனப் பொருள் விற்பனை: நேரடி விற்பனையாளர்கள் அறிய வேண்டிய விதிகள்

வடமாலபேட்டை: கோயில் திருவிழா, பொருட்காட்சி, மகளிர் குழு விழா என மக்கள் கூடும் இடங்களில் மேசை அமைத்து அழகுசாதனப் பொருள்களை அறிமுகம் செய்யும் நேரடி விற்பனையாளர்களுக்கும், கடை நடத்தும் வணிகருக்கு உள்ளதைப் போலவே சட்டப் பொறுப்பு உண்டு. திருப்பதி மாவட்டம் வடமாலபேட்டை உட்பட நாடு முழுவதற்கும் இது பொருந்தும்.

நிலையான சில்லறைக் கடை வழியாக அன்றி, விற்பனையாளர் வலையமைப்பின் வழியாகப் பொருள்களை விற்பதே நேரடி விற்பனை என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வரையறுக்கிறது. இதற்கான விதிகளை மத்திய அரசு 2021 டிசம்பர் 28 அன்று அறிவிக்கை செய்தது.

விற்பனையாளரின் கடமைகள்

நிறுவனத்துடன் முன்னதாகவே எழுத்துபூர்வ ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். விற்பனைப் பேச்சைத் தொடங்கும்போதே தம்மையும், நிறுவனத்தையும், அதன் முகவரியையும், பொருளின் தன்மையையும், அணுகிய நோக்கத்தையும் தெளிவாகக் கூற வேண்டும். விலை, பணம் செலுத்தும் முறை, பொருளைத் திருப்பித் தருவதற்கான நிபந்தனைகள் ஆகியவற்றை விளக்கி, முதல் விற்பனையின்போதோ அதற்கு முன்போ ஆர்டர் படிவம் வழங்க வேண்டும். நிறுவனம் ஒப்புதல் அளிக்காத துண்டறிக்கைகளை வழங்குவதும், அது அனுமதிக்காத பலன்களைக் கூறி விற்பதும் கூடாது.

அரங்கில் குலுக்கல் சீட்டு வழியாகப் பெறும் கைப்பேசி எண்களைக் கொண்டு பின்னர் வீடு தேடிச் செல்வதற்கும் கட்டுப்பாடு உண்டு. அடையாள அட்டையும் முன் அனுமதியும் இன்றி நுகர்வோர் வீட்டுக்குச் செல்லக் கூடாது.

பொது நிகழ்ச்சிகளுக்கென இவ்விதிகளில் தனிப் பிரிவு இல்லை. ஆகவே, அரங்கு அமைக்கும் முன் நிறுவன ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று பார்ப்பதும், ஊராட்சி, கோயில் நிர்வாகம் அல்லது விழாக் குழு என இடத்துக்கு உரியவரிடம் அனுமதி பெறுவதும் அவசியம்.

பொருளும் பேச்சும்

அழகுசாதனப் பொருள் விதிகள், 2020-இன்படி, தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தொகுதி எண், உரிம எண், பயன்படுத்தத்தக்க இறுதி நாள், உட்பொருள்கள் ஆகியவை உறையில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருளாயின் பதிவுச் சான்றிதழ் எண் தேவை. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வசூலிக்கக் கூடாது.

தூய்மைப்படுத்துவதும் தோற்றத்தை மேம்படுத்துவதுமே அழகுசாதனப் பொருளின் பணி. தோல் நோயைக் குணப்படுத்தும் என்று கூறினால் அது மருந்துக்குரிய உரிமைகோரல் ஆகிவிடும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் பதிவான சிறுநீரகப் பாதிப்புகளை, பாதரசம் கலந்த சருமப் பொலிவுக் களிம்புகளுடன் மருத்துவர்கள் தொடர்புபடுத்தினர். விவரமற்ற உறையில் வரும் களிம்பை விற்பவரும் வாங்குபவரும் தவிர்க்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

ஆள் சேர்ப்பு

பொருளை விற்பதைவிட ஆள் சேர்ப்பதே வருமானம் என்று அரங்கில் கூறப்பட்டால் எச்சரிக்கை தேவை. உறுப்பினர் சேர்க்கையால் பலன் தரும் பிரமிடு திட்டங்களையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் 2021 விதிகள் தடை செய்கின்றன. புதிதாகச் சேர்வோரைச் செயல்விளக்கக் கருவிகளை வாங்குமாறு கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றம், ஆம்வே இந்தியா தொடர்ந்த வழக்கில் 2007-ஆம் ஆண்டிலேயே, அந்நிறுவனத்தின் அன்றைய திட்டம் 1978-ஆம் ஆண்டின் பணச் சுழற்சித் தடைச் சட்டத்துக்குள் வருவதாகக் கூறியது. சேமிப்பை முதலீடாக்கி முகவராகச் சேரும் பெண்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

புகார் அளிப்பது எப்படி?

விற்பனையாளர் மறுநாள் ஊரைவிட்டுச் சென்றாலும் வாங்கியவர் கைவிடப்படுவதில்லை. விற்பனையாளர் வழியாக நடந்த விற்பனையால் எழும் குறைகளுக்கு நிறுவனமே பொறுப்பு. அதன் குறைதீர் அலுவலர் 48 வேலை மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும்.

தீர்வு கிடைக்காதபோது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. ஆர்டர் படிவம், ரசீது, பொருளின் உறை ஆகியவையே அங்கு முதன்மைச் சான்றுகள் என்பதால் அவற்றைப் பத்திரப்படுத்துவது நல்லது.