கையொப்பமில்லாத கட்டடங்கள்: கேட் மெக்கின்டாஷும் பொதுத்துறைக் கட்டடக்கலையும்

கட்டடக் கலைஞர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவர்கள் பெயரில் இயங்கிய நிறுவனங்களிலிருந்தே தொடங்குகின்றனர். பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கேட் மெக்கின்டாஷுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. 1937இல் பிறந்து எடின்பரோவில் பயின்ற அவர், ஸ்காண்டிநேவிய நாடுகளில் பணியாற்றிவிட்டு லண்டன் வந்து, டெனிஸ் லாஸ்டனின் அலுவலகத்தில் தேசிய நாடக அரங்கத் திட்டத்தில் பங்கேற்றார். பின்னர் சவுத்வார்க், லாம்பெத், கிழக்கு சசெக்ஸ், ஹாம்ப்ஷயர் ஆகிய உள்ளாட்சி மன்றங்களின் கட்டடக்கலைத் துறைகளில் பல்லாண்டுகள் ஊழியராக இருந்தார். கட்டடக்கலையில் பெண்களின் வாழ்நாள் பங்களிப்புக்கான ஜேன் ட்ரூ பரிசு 2021இல்தான் அவரை வந்தடைந்தது. உள்ளாட்சி ஊழியம் அவருடைய தனித்திறனை மறைத்துவிட்டது என்று இத்தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம். ஆனால் அவருடைய கட்டடங்களை உற்றுப் பார்த்தால், அந்த ஊழியமே அவருடைய படைப்புக்கு விளைநிலம் என்பது தெளிவாகிறது. மறைத்தது ஊழியமன்று, தனிப்பெயரை மட்டுமே தேடும் நம் பார்வை.

முதல் சான்று தென்கிழக்கு லண்டனில் ஈஸ்ட் டல்விச் குன்றின்மேல் நிற்கும் டாசன்ஸ் ஹைட்ஸ். 1960களின் நடுவில், முப்பது வயது நிரம்பும் முன்பே, சவுத்வார்க் மன்றத்துக்காக மெக்கின்டாஷ் இதை வடிவமைத்தார். கட்டுமானம் 1972இல் முடிந்தது. மொத்தம் 296 வீடுகள். ஒரே அச்சில் வார்த்த கோபுரங்களை அடுக்குவதற்கு மாறாக, நடுவே பசும்வெளியை விட்டு இரண்டு நீண்ட தொகுதிகளை எதிரெதிரே நிறுத்தினார். பன்னிரண்டு மாடி வரை எழும் அவை படிப்படியாக ஏறி இறங்குவதால் வெயில் உள்ளே இறங்குகிறது. பெரும்பாலான வீடுகளுக்கு இரு திசைகளிலும் காட்சி திறக்கிறது. சிறு குடும்பத்துக்கும் பெரிய குடும்பத்துக்குமான வீடுகள் ஒரே தொகுதியில் கலந்திருக்கின்றன. இங்கே கவனிக்கத்தக்கது பால்கனி. வீட்டுக்கொரு பால்கனி என்பது அரசு மானியத்தைப் பொறுத்தவரை வீண் செலவு. அதனால் அவர் பால்கனிகளைத் தீ விபத்தின்போது தப்பிச் செல்லும் வழியாகவும் பயன்படும்படி வரைந்தார். பாதுகாப்புக்கான உறுப்பு என்றானபின் அதை நீக்க இயலவில்லை. விதியை உள்ளிருந்து அறிந்தவருக்கே இந்தத் தீர்வு எட்டும். அவ்வகையில் இது அலுவலகம் தந்த அறிவு.

இரண்டாவது சான்று லாம்பெத் மன்றத்துக்காக அவர் அமைத்த, லீகம் கோர்ட் சாலையிலுள்ள முதியோர் குடியிருப்பு. இங்கே உயரத்துக்கு இடமே இல்லை. தாழ்ந்த சிறு தொகுதிகள் தோட்டங்களைச் சூழ்ந்து நிற்கின்றன. குன்றில் பேருருவை எழுப்பிய அதே கை, முதியவரின் நடைக்கு ஏற்ற அளவில் சுருங்கிக்கொள்கிறது. பிற்காலத்தில் இடிப்பு அச்சுறுத்தல் வந்தபோது, குடியிருந்தவர்களே அதைக் காக்கப் போராடினர். 2015இல் அது இரண்டாம் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று அது மெக்கின்டாஷ் கோர்ட் என்று அழைக்கப்படுகிறது. கையொப்பமிடாத கலைஞரின் பெயர் கட்டடத்துக்கே வந்து சேர்ந்தது.

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழும். மன்றப் பணி கூட்டுப்பணி ஆதலால் அதில் ஒருவரை மட்டும் படைப்பாளி என்பது பொருந்துமா என்பது முதலாவது. பொறியாளரும் அளவையாளரும் சேராமல் தனியார் நிறுவனத்திலும் கட்டடம் எழுவதில்லை. ஆயினும் அங்கே தலைவரின் பெயரை ஐயமின்றி எழுதுகிறோம். அதே கூட்டுப்பணி மன்றத்தில் நடந்தால் மட்டும் பெயரை அழிப்பது நீதியாகாது. இரண்டாவது மறுப்பு வலுவானது: போருக்குப் பிந்தைய மன்றக் குடியிருப்புகள் பல சீரழிந்தன; அவ்வாறிருக்க ஒரு விதிவிலக்கை வைத்து முழு அமைப்பையும் புகழலாமா? பல தோற்றன என்பது மெய்யே. ஆனால் கட்டிய முறையின் குறையையும், கட்டியபின் கைவிட்ட கொள்கையின் குறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் மன்ற வீடுகளை வாடகைதாரர்களே வாங்க வழிவகுத்தது. புதிய மன்ற வீடுகளுக்குக் கட்டாயமாக இருந்த பார்க்கர் மாரிஸ் அளவுத் தரங்களும் அந்த ஆண்டிலேயே நீங்கின. விற்ற வீடுகளுக்கு ஈடாகப் புதியவை எழாத நிலையில், மன்றங்களின் வடிவமைப்பு அலுவலகங்களும் தேய்ந்தன. அவ்வமைப்பின் திறனை அதன் கைவிடப்பட்ட எச்சங்களைக் கொண்டு மட்டும் மதிப்பிட முடியாது. அது நன்கு இயங்கியபோது விளைந்தவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

எனவே மெக்கின்டாஷின் பணிவாழ்வைத் தாமதமாகக் கண்டெடுத்த ஒரு மேதையின் கதையாக மட்டும் எழுதுவது போதாது. அப்படி எழுதினால் அவரைப் போற்றியபடியே அவரை உருவாக்கிய அமைப்பை மறந்துவிடுவோம். திறமைமிக்க இளம் பெண் ஒருவரிடம் 296 வீடுகளின் பொறுப்பை ஒரு மன்றம் நம்பி ஒப்படைத்தது. வாடகை வீட்டில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரு பால்கனியைப் பெற்றுத் தந்தார். கட்டடக்கலை வரலாறு இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும்.