ஊழியர்கள் வாங்கித் தந்த விமானம்

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், விமான நிலையத்தை ஒட்டினாற்போல் டெல்டா விமான நிறுவனத்தின் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. விமானங்களை நிறுத்திப் பழுதுபார்த்த பழைய கொட்டகையையே அருங்காட்சியகமாக மாற்றியிருக்கின்றனர். அங்கு நிற்கும் போயிங் 767 விமானம் ஒன்று 'டெல்டாவின் ஆன்மா' என்னும் பெயரைத் தாங்கியது. 23 ஆண்டுகளுக்கு மேல் பயணிகளைச் சுமந்து 2006ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற அவ்விமானத்தை நிறுவனம் தன் பணத்தில் வாங்கவில்லை. அதன் ஊழியர்கள், தங்கள் சம்பளத்தில் பிடித்தம் செய்து கொடுத்த பணத்தில் வாங்கித் தந்தனர்.

முதலாளிக்குத் தொழிலாளி விமானம் வாங்கித் தருவதா என்று வியப்புத் தோன்றலாம். நன்னெறிக் கல்வியில் 'விட்டுக்கொடுத்தல்' என்று ஒரே சொல்லில் நாம் கற்பித்துவிட்டுக் கடந்துபோகும் பண்புக்குப் பின்னால் எவ்வளவு கணக்கும் எவ்வளவு நம்பிக்கையும் மறைந்திருக்கின்றன என்பதை அறிய, விமானத் துறையின் வரலாற்றைப் போல் உதவும் வரலாறு வேறில்லை என்பது என் எண்ணம்.

முதலில் அத்தொழிலின் ஒரு விதியை விளக்கியாக வேண்டும். ஆசிரியர் ஒருவர் ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாற்றலாகிச் சென்றால், அவருடைய பணிக்காலமும் அவரோடு செல்கிறது. அமெரிக்க விமானிக்கு அப்படியன்று. எந்த வகை விமானத்தை ஓட்டுவது, எந்த நகரைத் தளமாகக் கொள்வது, தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ விடுப்புக் கிடைக்குமா, தலைமை விமானியாக எப்போது உயர்வது ஆகிய அனைத்தையும் பணிமூப்புப் பட்டியலே தீர்மானிக்கிறது. 20 ஆண்டுகள் பறந்தவரும் வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் பட்டியலின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆட்குறைப்பு வந்தாலும் அதே பட்டியல்தான். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் வெளியேறுவார்.

ஆகவே, நெருக்கடிக் காலத்தில் மூத்த விமானிக்குத் தம் வேலை போய்விடும் என்னும் அச்சம் பெரும்பாலும் இராது. அவருடைய சம்பளத்தையும் சலுகைகளையும் ஒப்பந்தம் காக்கிறது. அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். பட்டியலின் அடியில் இருக்கும் இளைஞர் கடிதம் பெற்று வீட்டுக்குப் போவார். அவரைக் காப்பாற்ற வேண்டுமானால், தமக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஒருவர் தமக்கு உரிமையான ஒன்றை இழக்க முன்வர வேண்டும். விமானிகள் சலுகைகளை விட்டுக்கொடுத்தனர் என்னும் செய்தியின் கனம் இங்கேதான் இருக்கிறது.

டெல்டா, பருத்திச் செடிகளின் பூச்சிகளை ஒழிக்க விமானத்திலிருந்து மருந்து தூவும் சிறு நிறுவனமாக 1920களில் தோன்றியது. பயணிகளை ஏற்றத் தொடங்கியது 1929இல். தலைமையகம் அட்லாண்டாவுக்கு வந்தது 1941இல். அதைக் கட்டி வளர்த்த உல்மன் 1966இல் மறையும் வரையில் ஊழியர்களைக் குடும்பத்தாராகவே நடத்தினார் என்பர். 'குடும்பம்' என்று பேசாத நிறுவனம் எது? அந்தச் சொல்லுக்கு மெய்யான சோதனை 1973இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தன. விமான எரிபொருளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டுப் பயணங்கள் குறைக்கப்பட்டன. மற்ற நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கியபோது, டெல்டா தன்னிடம் மிகையாக இருந்த விமானிகளையும் பணிப்பெண்களையும் பயணச்சீட்டு விற்கவும் சரக்கு ஏற்றவும் அனுப்பியது. சீருடையில் பொன்னிறப் பட்டை தைத்திருந்தவர்கள் மூட்டை தூக்கினார்கள். கௌரவம் குறைந்தது; வேலை நிலைத்தது.

1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் விமானத் துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதுவரை கட்டணத்தையும் வழித்தடத்தையும் அரசாங்கமே தீர்மானித்து வந்தது. பிறகு யாரும் எங்கும் எவ்விலைக்கும் பறக்கலாம் என்றாயிற்று. அதனோடு எரிபொருள் விலையேற்றம், பொருளாதாரத் தேக்கம். 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அதிபர் ரேகன் 11,000க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். அதனால் பயணங்களின் எண்ணிக்கையையே குறைக்க வேண்டியதாயிற்று. 35 ஆண்டுகளாக இழப்பையே காணாத டெல்டாவும் இழப்பைச் சந்தித்தது. அந்நிலையிலும் அது யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 1982இல் ஊழியர்களுக்குச் சம்பள உயர்வும் அளித்தது.

இதற்கு நன்றி காட்ட வேண்டும் என்று மூன்று விமானப் பணிப்பெண்கள் எண்ணினர். நிறுவனம் வாங்கவிருந்த முதல் போயிங் 767இன் விலையை ஊழியர்களே திரட்டித் தந்தால் என்ன என்பது அவர்கள் யோசனை. தொகை 30 மில்லியன் அமெரிக்க டாலர்! சம்பளத்தில் ஒரு சிறு விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ள ஊழியர்கள் ஒப்புதல் அளித்தனர். ஓய்வு பெற்றவர்களும் கொடுத்தனர். விமானிகள், பழுதுபார்ப்போர், சீட்டு விற்போர் என்ற வேறுபாடின்றிப் பணம் சேர்ந்தது. 1982 டிசம்பர் 15ஆம் நாள் அட்லாண்டாவில் அவ்விமானம் பெயர் சூட்டப்பெற்று ஒப்படைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியை இனிய கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடுவோர் உண்டு. நான் கவனிக்க விரும்புவது அதன் வரிசை முறையை. முதலில் கொடுத்தது நிறுவனம். 1973இலும் 1982இலும் ஆட்களைக் காத்தது. பிறகே ஊழியர்கள் கொடுத்தனர். எவரும் அவர்களைக் கேட்கவில்லை. ஒப்பந்த மேசையில் மிரட்டலும் இல்லை.

இவ்வரிசை மாறினால் என்னவாகும் என்பதற்கு அதே அட்லாண்டா விமான நிலையத்திலேயே சான்று இருந்தது. டெல்டாவின் நெடுநாள் போட்டியாளரான ஈஸ்டர்ன் நிறுவனமும் அங்கிருந்து பெருமளவில் பறந்தது. அதன் தலைவர் ஃபிராங்க் போர்மன், 1968இல் நிலவைச் சுற்றி வந்த அப்பல்லோ 8 விண்கலத்தின் தளபதி. 1970களின் நடுப்பகுதியில் பொறுப்பேற்ற அவர், ஊழியர்களிடம் விட்டுக்கொடுக்கும்படி கேட்டார். அவர்கள் சம்பள உயர்வைத் துறந்தனர். பின்னர், இலாபம் குறைந்தால் சம்பளத்தில் 3.5 விழுக்காட்டை நிறுவனமே வைத்துக்கொள்ளும் திட்டத்துக்கும் இணங்கினர். நிறுவனமும் சில ஆண்டுகள் நல்ல இலாபம் ஈட்டியது. ஆனால் அதே காலத்தில் புதிய விமானங்களுக்காகப் பெருங்கடனும் ஏறியது.

1983இன் இறுதியில் மீண்டும் கேட்டார். விமானிகள் 22 விழுக்காடும் பொறியியல் பணியாளர்கள் 18 விழுக்காடும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டனர். பதிலுக்கு நிறுவனப் பங்குகளில் 25 விழுக்காடும் இயக்குநர் குழுவில் இடங்களும் பெற்றனர். ஏட்டில் பார்த்தால் மிக நியாயமான உடன்பாடு. 1986இல் மூன்றாம் முறை கேட்டபோது பொறியியல் பணியாளர் சங்கம் மறுத்தது; போர்மன் பதவி விலகினால் பேசலாம் என்றது. அவ்வாண்டு பிப்ரவரியில் நிறுவனமே டெக்சஸ் ஏர் குழுமத்தின் ஃபிராங்க் லொரன்சோவுக்கு விற்கப்பட்டது. 1989 மார்ச்சில் வேலைநிறுத்தம்; சில நாள்களில் திவால் மனு; 1991 ஜனவரியில் கடைசி விமானம் தரையிறங்கியது. மூத்தவரும் இளையவரும் ஒருசேர வேலை இழந்தனர். பணிமூப்புப் பட்டியலே இல்லாமல் போனபின் மூப்பு எதற்குப் பயன்படும்?

ஈஸ்டர்ன் ஊழியர்கள் பேராசைக்காரர்கள் என்று எழுதியவர்களும் உள்ளனர். நான் அதை ஏற்கவில்லை. டெல்டா ஊழியர்களைக் காட்டிலும் அவர்கள் கொடுத்தது பன்மடங்கு மிகுதி. கொடுத்தது எங்கே போயிற்று என்பதை அவர்களால் காண முடியவில்லை. அவ்வளவே.

நமக்கு அருகிலேயே சிங்கப்பூரில் நடந்ததையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் காலாண்டு இழப்பைக் கண்டது. அறுநூறு பேரளவில் ஆட்குறைப்பு நடந்தது. விமானிகளின் சங்கத் தலைமை சம்பளக் குறைப்புக்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டது. சில மாதங்களில் நிறுவனம் இலாபத்துக்குத் திரும்பியது. அவ்வாண்டு நவம்பரில் சங்க உறுப்பினர்கள் வாக்களித்து அத்தலைமையை நீக்கினர். அரசாங்கம் தலையிட்டது, 2004இல் தொழிற்சங்கச் சட்டமும் திருத்தப்பட்டது. கையெழுத்திட்டவர் வேறு, இழந்தவர் வேறு என்னும் உணர்வு உறுப்பினர்களிடம் வலுத்திருந்ததையே அந்த வாக்கு காட்டுகிறது.

டெல்டாவின் 'குடும்பமும்' என்றென்றும் நிலைக்கவில்லை. 1994இல் செலவுக் குறைப்புத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டுப் பல்லாயிரம் வேலைகள் நீக்கப்பட்டன. ஊழியர் மனக்குமுறலைப் பற்றிக் கேட்டபோது அன்றைய தலைவர் ரொனால்ட் ஆலன், "அப்படியானால் அப்படியே ஆகட்டும்" என்னும் பொருளில் விடை சொன்னார். ஊழியர்கள் அச்சொற்களையே பொத்தான் பட்டையாக்கிச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தனர். 1982இல் விமானம் வாங்கித் தந்த அதே ஊழியர்கள்! ஆலன் 1997இல் பதவியை விட்டு விலகினார்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் நிலைமை மேலும் மோசமாயிற்று. 13,000 வரையிலான வேலைகளைக் குறைக்கப் போவதாக டெல்டா அறிவித்தது. 2004 நவம்பரில் விமானிகள் 32.5 விழுக்காடு சம்பளக் குறைப்பை வாக்களித்து ஏற்றனர். ஆண்டுக்கு ஒரு பில்லியன் டாலர் மிச்சப்படுத்தும் உடன்பாடு அது. அப்படியும் 2005 செப்டம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பை நாடியது. 2006இல் மேலும் 14 விழுக்காடு குறைக்கப்பட்டது. விமானிகளின் ஓய்வூதியத் திட்டமும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. 'டெல்டாவின் ஆன்மா' சேவையிலிருந்து விடைபெற்றது அதே ஆண்டில்தான்.

இந்த நினைவுகளோடுதான் விமானிகள் 2020ஐ எதிர்கொண்டனர். கோவிட்-19 பெருந்தொற்றால் வானம் வெறிச்சோடியது. அரசாங்க உதவி பெற்ற நிறுவனங்கள் செப்டம்பர் 30 வரை ஆட்குறைப்புச் செய்யக்கூடாது என்பது நிபந்தனை. அதற்கு மறுநாளே அமெரிக்கன், யுனைடெட் ஆகிய இரு நிறுவனங்களில் மட்டும் 32,000 அளவிலான ஊழியர்கள் சம்பளமில்லா நிறுத்தத்துக்கு ஆளாயினர். அமெரிக்கன் நிறுவனத்தில் அவர்களுள் 1,600 விமானிகளும் அடங்குவர். யுனைடெட் விமானிகளோ பறக்கும் நேரத்தைப் பகிர்ந்து குறைத்துக்கொள்ளும் உடன்பாட்டை வாக்களித்து ஏற்றுத் தங்களுள் 2,850 பேரின் வேலையைக் காத்தனர்.

டெல்டாவில் 40,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் தாமாக முன்வந்து சம்பளமில்லா விடுப்பு எடுத்தனர். 17,000க்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே விலகினர். எஞ்சியது ஏறத்தாழ 1,700 இளம் விமானிகளின் நிலை. நவம்பரில் உடன்பாடு வாக்கெடுப்புக்கு வந்தது. ஒவ்வொரு விமானிக்கும் மாதந்தோறும் உறுதியளிக்கப்பட்ட குறைந்தபட்சப் பறக்கும் நேரம் 5 விழுக்காடு வரை குறையும். 2022 ஜனவரி வரையில் இளையோர் எவரும் நிறுத்தப்படமாட்டார்கள். 74 விழுக்காட்டினர் ஆதரித்தனர்.

எதிர்த்து வாக்களித்த 26 விழுக்காட்டினரை நான் குறைகூற மாட்டேன். ஓய்வூதியத்தை இழந்த மூத்தவர்கள் அவர்களிடையே இருந்திருக்கலாம்; "முன்பும் கொடுத்தோம், என்ன கிடைத்தது?" என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனால் இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. கொடுப்பது எவ்வளவு, எத்தனை பேருக்காக, எந்த நாள் வரை என்னும் மூன்றும் தாளில் எழுதப்பட்டிருந்தன. 2004இல் இழந்தது கடன்காரர்களின் கணக்கில் கரைந்தது. 2020இல் இழந்ததை, பக்கத்து இருக்கையில் அமர்ந்து பறக்கும் இளம் துணை விமானியாகக் கண்ணால் காண முடிந்தது.

நிறுவனத்துக்கும் இதில் இலாபம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இளையவரை நீக்கினால், மேலிருப்பவர் ஒவ்வொருவரும் ஒரு படி இறங்கி வேறு வகை விமானத்துக்கு மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய பயிற்சி, பாவனைக் கருவியில் பல நாள்கள், பெருஞ்செலவு. 90 நாள்களில் மூன்று முறையேனும் விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்காதவர் மறுபடியும் தகுதியை நிறுவிய பின்னரே பயணிகளை ஏற்றிப் பறக்கலாம்.

2021 முதற்கொண்டு பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பினர். விமானிகள் போதாமல் பல நிறுவனங்கள் பயணங்களை இரத்துச் செய்தன. நிறுத்தப்படாமல் காக்கப்பட்ட அந்த 1,700 பேரும் அப்போது மிகையாகத் தோன்றவில்லை. 2023 மார்ச்சில் டெல்டா விமானிகள் நான்கு ஆண்டுகளில் 34 விழுக்காடு சம்பள உயர்வு தரும் ஒப்பந்தத்தை நிறைவேற்றினர். 2006இல் முடிவுக்கு வந்த பழைய ஓய்வூதியத் திட்டம் மட்டும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.